கடற்கரைக் கொல்லையில் முட்டைக்கோஸ் உருண்டை கட்டுமா?

கேள்வி: உச்சிப்புளிப் பக்கம், கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் எங்கள் வீடு. கொல்லையில் கத்தரியும் கீரையும் நன்றாக வருகின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று போன வருஷம் ஆடியில் முட்டைக்கோஸ் விதை வாங்கிப் போட்டேன். நான்காம் நாளே முளைத்தது. வெயில் படாமல் தாழ்வாரத்தில் வைத்து வளர்த்தேன். பாதி நாற்று நெட்டையாக வளர்ந்து சாய்ந்து செத்துப்போனது. பிழைத்த ஏழெட்டை நட்டேன். இலை பெரிது பெரிதாக விரிந்தது, ஓரமெல்லாம் கருகியது, உருண்டை மட்டும் கட்டவே இல்லை. கீழ் இலைகளை ஒடித்து ஆட்டுக்குப் போட்டேன். போர் தண்ணீர் கொஞ்சம் உப்புதான். "இது ஊட்டிக் காய், நம்ம பக்கம் எப்படி வரும்" என்கிறார் என் அத்தை. இந்த வருஷமும் ஒரு பாக்கெட் விதை வாங்கி வைத்திருக்கிறேன். விதைக்கலாமா? மீன் கழுவிய தண்ணீரை ஊற்றலாமா? ஒரு செடியை விட்டுவைத்து விதை எடுக்க முடியுமா?

— ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தாராளமாக விதையுங்கள். ஆனால் பாக்கெட்டை இப்போதே பிரித்துவிடாதீர்கள். ஆவணி முடிந்து, புரட்டாசியும் பாதி கழியட்டும். போன வருஷம் உங்கள் செடிகள் உருண்டை கட்டாமல் போனதற்கு ஆடி மாத வெப்பமும் போர் தண்ணீரின் உப்பும்தான் முக்கியக் காரணம். உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை இல்லை. விதைக்கும் நாளையும் ஊற்றும் தண்ணீரையும் மாற்றினால் பொங்கல் சமையலுக்கு உங்கள் கொல்லையிலேயே கோஸ் அறுக்கலாம்.

உங்கள் அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முட்டைக்கோஸ் உருண்டை கட்ட 15 முதல் 20 டிகிரி வெப்பம் வாகானது. 25 டிகிரிக்கு மேல் போகப் போக உருண்டை பிடிப்பது தளரும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது தானாக விளைவது அதனால்தான். நம் பக்கம் இரண்டு புறமும் கடல். மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் கடற்கரை என்பதாலேயே வராது என்று சொல்லிவிட முடியாது. முட்டைக்கோசின் காட்டு மூதாதை இன்றைக்கும் இங்கிலாந்து, பிரான்ஸ் நாடுகளின் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் உப்புக் காற்றுக்கு நடுவே வளர்கிற செடி. இலையின் மேல் மெழுகு பூசியதுபோல் சாம்பல் பூத்திருக்கிறதே, அது அந்த வம்சத்தின் அடையாளம். கடல் காற்றை இந்தச் செடி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வேரில் சேரும் உப்பையும், உருண்டை பிடிக்கும் நாளில் அடிக்கும் வெக்கையையும்தான் அதனால் தாங்க முடியாது.

முதலில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கோல்டன் ஏக்கர், பிரைடு ஆஃப் இந்தியா என்று போட்டிருந்தால் அவை குளிருக்கான பழைய ரகங்கள். வட இந்தியாவின் குளிர்காலத்திலும் மலையிலும் அருமையாக வரும், நம் கடலோரத்தில் இலையோடு நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது வெப்பம் தாங்கும் வீரிய ஒட்டு ரகம். கே.கே. கிராஸ் போன்ற ரகங்கள் இதற்கென்றே உருவாக்கப்பட்டவை. கடையில் கேட்கும்போது "வெயில் தாங்குற ஹைபிரிட், அறுபது எழுபது நாள்ல அறுக்கிறது" என்று கேளுங்கள். அதிக நாள் ஓடும் பெரிய தலை ரகங்கள் வேண்டாம். நமக்குக் கிடைக்கிற குளிர்ச்சியான நாட்கள் கொஞ்சம்தான், அதற்குள் பயிர் முடிந்துவிட வேண்டும். பரிசோதித்த தேதியையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள். கடலோர ஈரக் காற்றில் பிரித்த பாக்கெட்டின் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். ஒரு கிராமில் ஏறக்குறைய 250 முதல் 300 விதை இருக்கும், உங்களுக்குத் தேவை இருபது. மீதியைக் காற்றுப் புகாத சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இப்போது மாதத்துக்கு வருகிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் மானாவாரிப் பயிர்களுக்கும் பல காய்களுக்கும் பொருந்தும். இதற்குப் பொருந்தாது. ஆடியில் நட்டால் செடி உருண்டை பிடிக்க வேண்டிய நேரம் புரட்டாசி வெயிலில் வந்து விழும். இன்னொன்றும் உண்டு. கோடை முழுக்க மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகி, அடியில் இருந்த உப்பு மேலே ஏறி நிற்கும் நேரம் அது. ஆடி, ஆவணியில் கொல்லை மண்ணில் வெள்ளையாக உப்பு பூத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஐப்பசியில் இரண்டு மூன்று நல்ல மழை பெய்தால், மணல் நிலம் என்பதால் அந்த உப்பு கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். நம் கடலோரத்து மணலைப் பலர் குறையாகவே பேசுகிறார்கள். களிமண்ணில் மாதக்கணக்கில் நடக்காத உப்பு இறக்கம் மணலில் நாலு மழையில் நடந்துவிடும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆகவே கணக்கு இது. அக்டோபர் முதல் வாரம், அதாவது புரட்டாசிப் பிற்பாதியில் விதைப்பு. 25 நாளிலிருந்து 28 நாளுக்குள் நாற்று தயார். ஐப்பசி நடுவில், மழை இறங்கிய மண்ணில் நடவு. உருண்டை பிடிப்பது மார்கழியில், வருஷத்திலேயே நமக்குக் கிடைக்கும் குளிர்ந்த நாட்களில். தை பிறக்கும்போது அறுவடை. ஆசை இருந்தால் ஐப்பசி கடைசியில் இன்னும் பத்து விதை போட்டு இரண்டாம் தவணை எடுக்கலாம், அது மாசியில் முடியும். அதற்குப் பிறகு போட வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் உங்களிடம் அதிகம் பேச வேண்டும். இலையின் ஓரம் கருகியது என்று எழுதியிருக்கிறீர்கள். அடி இலைகளில் தொடங்கி, ஓரம் முழுவதும் ஒரே சீராகப் பழுப்பாகி, தொட்டால் நொறுங்கும்படி காய்ந்திருந்தால் அது உப்பு. ஓரத்தில் ஒரு இடத்தில் தொடங்கி, நடு நரம்பை நோக்கி முக்கோணமாக மஞ்சள் இறங்கி, அந்த இடத்து நரம்புகள் கறுத்திருந்தால் அது கருப்பு அழுகல் நோய். கருப்பு அழுகல் என்றால் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், அந்த இடத்தில் இரண்டு வருஷம் கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எதையும் வைக்கக் கூடாது. நீங்கள் சொன்ன அடையாளம் உப்புக்குத்தான் ஒத்துப்போகிறது.

உங்கள் போர் தண்ணீரை அளந்து பாருங்கள். தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் பழுது பார்க்க வருகிறவர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பார்கள், ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்தால் போதும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன நீர்க் கணக்குப்படி, மின்கடத்துத் திறன் (உப்பு ஏற ஏற இதுவும் ஏறும்) 1.2 டெசிசீமன்ஸ்/மீட்டர் வரை உள்ள தண்ணீரில் முட்டைக்கோஸ் விளைச்சல் குறைவதில்லை. 2.9-இல் கால் பங்கு போகும், 4.6-இல் பாதி போய்விடும். டி.டி.எஸ். மீட்டரில் இது சுமாராக 750, 1,850, 2,950 என்று காட்டும். இது வளர்ந்த செடிக்கான கணக்கு. நாற்றுக்கு இவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. நாற்றங்காலுக்கு மழைத் தண்ணீரோ ஊற்றுத் தண்ணீரோதான் வேண்டும்.

ஊற்று என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மணல் பகுதியில் மழை நீர் உள்ளே இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய நல்ல தண்ணீர் அடுக்காக மிதந்து நிற்கிறது. கையால் தோண்டிய ஊற்றில் இனிக்கிற தண்ணீர் அதுதான். உப்பு வருகிறது என்று போரை இன்னும் ஆழமாக இறக்கினால் அந்த அடுக்கைத் தாண்டி நேராக உப்புக்குப் போய்விடுவோம். மோட்டார் போட்டு வேகமாக இறைத்தாலும் கீழிருந்து உப்பு மேலேறி வரும். தோட்டத்துக்கென்று யாராவது போரை ஆழப்படுத்தச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்களின் ஊற்றும் சேர்ந்து கெடும்.

மழையைப் பிடிப்பதுதான் நிச்சயமான வழி. 500 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 460 லிட்டர் விழுகிறது. வழிந்ததும் சிந்தியதும் போக 350 லிட்டராவது கையில் நிற்கும். மூன்று நீல டிரம்கள் போதும். முதல் மழையில் மாடியின் தூசும் உப்புப் படிவும் கழுவிப் போகட்டும், அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். டிரம் வாயில் துணி கட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும். பத்துச் செடிக்கு, அடியில் சருகு பரப்பி மூடாக்குப் போட்டிருந்தால், மழையில்லாத நாளில் 15 லிட்டர் ஆகும். மார்கழியில் டிரம் குறைந்தால் போர் தண்ணீரைக் கலக்கலாம். உங்கள் போர் 1,800 காட்டினால் ஒரு பங்கு போர், இரண்டு பங்கு மழை. கலவை 600-இல் வந்து நிற்கும். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாமே நல்லது. சுத்திகரிப்பு மெஷினிலிருந்து வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் வேண்டாம், போரில் இருந்த உப்பெல்லாம் திரண்டு வருவது அதில்தான்.

இனி நாற்று. குழித்தட்டு கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அடியில் துளையிட்ட காகித டம்ளர் போதும். நிரப்புவதற்குத் தென்னை நார்க்கழிவு நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து எடுத்ததாக இருந்தால் கழிவுக்குள் உப்பு தங்கியிருக்கும். மழைத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துப் பிழியுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். கடைசியாகப் பிழிந்த தண்ணீரை நாக்கில் வைத்தால் கரிக்கக் கூடாது. அதோடு பாதிக்குப் பாதி சலித்த மண்புழு உரம் கலந்து, கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா விரிடியை (அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடிகள்) சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நாற்று சாய்ந்து செத்ததில் நாற்றழுகலுக்கும் பங்கு இருந்திருக்கலாம். தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் நீர் கோத்து மெலிந்து, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே படுத்துவிட்டதா என்று நினைத்துப் பாருங்கள்.

விதை கடுகின் அளவுதான், கடுகின் குடும்பமும்தான். ஈர்க்குச்சியால் அரை சென்டிமீட்டர் குழி குத்தி, குச்சியின் முனையை நனைத்து ஒவ்வொரு விதையாக ஒட்டி எடுத்துப் போடலாம். இளஞ்சிவப்போ நீலமோ பூசியிருந்தால் மருந்து கலந்த விதை. ஊறவைக்க வேண்டாம், கையைக் கழுவிவிடுங்கள், பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே நார்க்கழிவைத் தூவி, கைத்தெளிப்பானால் நனைத்து, செய்தித்தாள் ஒன்றை மூடி நிழலில் வையுங்கள். மூன்றாம் நாள் காலையிலிருந்து தாளைத் தூக்கித் தூக்கிப் பாருங்கள். வெள்ளைக் கொக்கி போல் ஒன்று இரண்டு தலை தூக்கியதும் அந்த நிமிஷமே தாளை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பகல் பிந்தினாலும் தண்டு வெளிச்சத்தைத் தேடி நீண்டுவிடும். தாழ்வாரத்தில் வைத்ததால் வந்த வினை இதுதான். காலை ஒன்பது, பத்து மணி வரை நேர் வெயில், உச்சி நேரத்தில் பாதி நிழல் தரும் வலை, மழை வலுத்தால் மேலே ஒரு பாலிதீன் மறைப்பு. தண்ணீர் காலையில் மட்டும் விடுங்கள். இரவில் நாற்றின் அடி ஈரமாகவே இருக்கக் கூடாது. நடுவதற்கு ஒரு வாரம் முன்பு நிழல்வலையை எடுத்துவிட்டுத் தண்ணீரையும் கொஞ்சம் குறைத்தால் தண்டு கெட்டிப்படும்.

நான்கு, ஐந்து நிஜ இலை வந்ததும் நடுங்கள். 35 நாளைத் தாண்டிய கிழட்டு நாற்றில் உருண்டை சிறுத்துப்போகும். எடுக்கும்போது ஒவ்வொரு நாற்றின் நடுக்குருத்தையும் உற்றுப் பாருங்கள். சிலவற்றில் குருத்தே இருக்காது, புழு கடித்திருக்கும் அல்லது பிறவியிலேயே மொட்டையாக இருக்கும். அவை இலை விடும், தலை கட்டாது. அவற்றை நட்டு இடத்தையும் தண்ணீரையும் வீணாக்க வேண்டாம்.

நடவு மண்ணுக்கு, கொல்லை மணலோடு கண்மாய்க் கரம்பை மண்ணும் ஒரு வருஷம் மக்கிய ஆட்டு எருவும் சம பங்கு சேருங்கள். மணலில் ஈரம் பிடித்து நிற்கக் கரம்பை வேண்டும். நம் மாவட்டத்தில் கண்மாய்க்கும் ஆட்டுக்கும் பஞ்சமில்லை. ஐப்பசி மழை ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் என்பதால் முக்கால் அடி உயர்த்திய பாத்தி போடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி. சாயங்காலம் நட்டு, அடி இலை வரை மண் அணைத்து, விரலால் அழுத்துங்கள். சரியாக அழுத்தியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு இலையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுங்கள். இலை கிழிய வேண்டும், செடி கையோடு வரக் கூடாது. அடியில் தளர்ந்து ஆடுகிற செடி நல்ல உருண்டை தராது. கார்த்திகையில் வாடைக்காற்று பாக் நீரிணைப் பக்கமிருந்து உப்போடு அடிக்கும். வடகிழக்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டியோ பனைமட்டை வேலியோ வைத்துவிடுங்கள். காற்று வலுத்த மறுநாள் காலை இலைகளை நல்ல தண்ணீரால் ஒரு தடவை அலசினால் படிந்த உப்பு போய்விடும்.

உரத்துக்குக் கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, பத்து பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள். நடுவில் இலைகள் உள்பக்கமாகக் குழிந்து மடங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். அப்போதிலிருந்து வேண்டியது விட்டுப்போகாத ஈரம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் மொத்தமாக ஊற்றினால் உருண்டை வெடிக்கும். ஒரு முக்கிய வேண்டுகோள்: வெளி இலைகளை ஆட்டுக்கு ஒடிக்காதீர்கள். உருண்டைக்குச் சாப்பாடு போடுவது அந்த அகன்ற இலைகள்தான். தரையில் மஞ்சளாகிக் கிடப்பதை மட்டும் எடுங்கள். அறுத்த பிறகு அத்தனையும் ஆட்டுக்குத்தான்.

பூச்சியில் உங்களுக்குத் தொல்லை தரப்போவது வைரமுதுகு அந்துப்பூச்சி. இலையின் அடியில் சிறு பச்சைப் புழு சுரண்டித் தின்று, மேல் தோல் மட்டும் கண்ணாடியாக நிற்கும். தொட்டால் துடித்து, நூல் விட்டுத் தொங்கும். கடையில் மருந்து கேட்டு அடிக்காதீர்கள். 1950-களிலேயே ஜாவா தீவில் டி.டி.டி.யை எதிர்த்துப் பிழைத்த பூச்சி இது, பிறகு வந்த பல மருந்துகளையும் பழகிக்கொண்டது. பத்துச் செடிதானே, நாள்தோறும் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்து நசுக்கிவிடலாம். நடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு பாத்தி ஓரத்தில் அடுக்களைக் கடுகைத் தூவிவிட்டால் அந்து கடுகுச் செடியில் போய் முட்டையிடும். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசலோடு சாயங்காலம் தெளியுங்கள். மரத்தடியில் இப்போது கிடக்கும் கொட்டையைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பழைய மீன்வலை கிடக்கும், அது கோழியையும் ஆட்டையும் தடுக்கும், அந்துவைத் தடுக்காது. அதற்குப் பழைய கொசுவலை வேண்டும்.

மீன் கழுவிய தண்ணீர் நல்ல உரம்தான், ஒரு நிபந்தனையோடு. மீனை முதலில் வெறும் தண்ணீரில் அலசுகிறோமே, அந்தத் தண்ணீரை ஐந்து பங்கு நல்ல தண்ணீரில் கலந்து, செடியிலிருந்து அரை அடி தள்ளி ஊற்றி மண்ணால் மூடுங்கள். மூடாவிட்டால் பூனை தோண்டும். கல்லுப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிற இரண்டாம் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். கருவாட்டுக் கழிவும் அப்படித்தான். கரை ஒதுங்கிய பாசியை எருவில் சேர்ப்பதானால் ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டுப் பிறகு சேருங்கள்.

விதை எடுப்பது நம் ஊரில் நடக்காது. முட்டைக்கோஸ் இரண்டு பருவம் வாழ்கிற செடி. முதல் பருவத்தில் உருண்டை கட்டும், பிறகு பல வாரம் பத்து டிகிரிக்கும் கீழான குளிரில் இருந்தால்தான் பூத் தண்டு விடும். இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கிலும் காஷ்மீரிலும் விதை எடுப்பது இதனால்தான். மேலும் நீங்கள் போடப்போவது ஒட்டு ரகம், விதை கிடைத்தாலும் தாயைப் போல இருக்காது. அதற்குப் பதில் இன்னொன்று செய்யலாம். கட்டைவிரலால் அழுத்தி, கெட்டியாக இருக்கும்போது உருண்டையை மட்டும் அறுத்து, அடித் தண்டையும் நாலைந்து இலைகளையும் விட்டுவையுங்கள். ஒரு மாதத்தில் இலைக் கக்கங்களில் எலுமிச்சை அளவில் மூன்று நான்கு சின்ன உருண்டைகள் வரும். பொரியலுக்கு மிக இளசாக இருக்கும்.

விதைப்பதற்கு முன் டி.டி.எஸ். அளவைப் பார்த்துவிடுங்கள். மூவாயிரத்துக்கு மேல் காட்டி, மழை பிடிக்கவும் வசதியில்லை என்றால், இந்த வருஷம் அதே பாத்தியில் பீட்ரூட் போடுங்கள். அது கோஸைவிட இரண்டு மடங்குக்கு மேல் உப்பைத் தாங்கும், பருவமும் இதே பருவம்தான். அளவையும் மாடியின் பரப்பையும் எழுதி அனுப்பினால் எத்தனை செடி தாங்கும், எத்தனை டிரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.